மூடிய கையைத் தேடி வந்த அஞ்சாலை

கடலுக்குள் முங்கிப் பார்க்க அந்தக் கரைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் ஆமையக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் பெட்டிக்குள் கிடக்கும் காகிதங்களில் பத்திரமாக இருந்தது. கூப்பிடுவதற்கு யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவளோடு இறங்கினால் ஆமையைப் பார்க்காமல் கரையேற மாட்டார்கள் என்று ஒரு பேச்சு. அதில் பாதி உண்மை. எந்தக் கல்லில் ஆமை முதுகைச் சொறியும், எப்போது மூச்சு வாங்க மேலே போகும், எந்தப் பொந்தில் தலையை மட்டும் ஒளித்துக்கொண்டு முழு உடம்பும் மறைந்துவிட்டதாக நினைத்துத் தூங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மீதிப் பாதி அவள் வாய். ஆமை அகப்படாத நாளில் பேசியே சமாளித்து, வந்தவர்களை ஆமையைப் பார்த்த திருப்தியோடு அனுப்பிவிடுவாள்.

பிறக்கும்போதே துடுப்போடு பிறந்தவள் இல்லை. முப்பது வயது வரை தையல் மெஷின்தான் அவள் உலகம். டைவிங் கடையின் ரப்பர் உடுப்புகள் கிழிந்தால் அவளிடம் கொண்டு வருவார் அங்கே வழிகாட்டியாக இருந்தவர்.

"இதை எந்த மீன் கடிச்சுது?" என்று கேட்பாள்.

"மீன் இல்லீங்க, சோறு. வயிறு உடுப்பைக் கடிச்சிருச்சு."

அந்த உடுப்பை நான்கு முறை தைத்தாள். ஐந்தாம் முறை அவர் கிழிசல் இல்லாத உடுப்பைக் கொண்டு வந்தபோது, விஷயம் என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமான ஆறாம் மாதம் நீச்சல் கற்றாள், எட்டாம் மாதம் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்கினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "பகல் பூரா மனுஷன் எங்க போயிட்டு வர்றாருன்னு நான் பாக்க வேணாமா?" என்றாள். போய்ப் பார்த்தவள் திரும்பி மெஷினில் உட்காரவே இல்லை.

கடை என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கடலைப் பார்த்த ஒரு கூடம், நடுவில் நீளப் பெஞ்சு, சுவரோரம் நல்ல தண்ணீர்த் தொட்டி, தலையில்லாத ஆட்கள் போல வரிசையாகத் தொங்கும் ரப்பர் உடுப்புகள். பின்கட்டில் கம்ப்ரஸர் அறை. அங்கே சிலிண்டர்களுக்குக் காற்றடைப்பது அவள் நாத்தனார், அவருடைய அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளும் ஒரு காலத்தில் முங்கினவள்தான். காது கெட்டுப்போய்ப் பதினோரு வருஷமாகத் தண்ணீரில் இறங்கவில்லை. கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவாள்.

அந்தக் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் யாராயிருந்தாலும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு உள்ளங்கையும் அக்குளுக்குள், காலால் மட்டும் நீச்சல். பவளத்தைத் தொடக்கூடாது, ஆமையைத் தடவக்கூடாது, எதற்கும் தீனி போடவே கூடாது. இதை ஏற்படுத்தியவர் அவர். "விருந்தாளியாப் போறோம். விருந்தாளி அடுப்படிக்குள்ள கை விடுவானா?" என்று கேட்பார். பக்கத்துக் கடைக்காரர்கள், "வாத்தியார் வகுப்புக் கிளம்பிடுச்சு" என்று சிரிப்பார்கள். சிரித்தாலும், கரையோரப் பாறைத்திட்டில் கிளை உடையாத பவளம் இவர்கள் இறங்கும் பக்கத்தில்தான் மிச்சமிருந்தது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் யாரும் முதலில் சொல்வது அதைத்தான்: சொன்னபடி நடந்த மனுஷன்.

அவர் செத்தது கடலில் இல்லை. ஒருநாள் காலை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ரப்பர் செருப்பை மாட்டக் குனிந்தார், நிமிரவில்லை. ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றது வெறுங்கால். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அவள் அழவில்லை. அழுகை உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், சளி இருக்கிறதா என்று தொண்டையைச் செருமிப் பார்ப்பதைப் போல. ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். மாஸ்க்கைக் கழுவினாள், ஆட்களை இறக்கினாள், ஏற்றினாள், அதே வேடிக்கைகளைச் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். யாரோ எங்கோ சிரிப்பது போல அவள் காதில் விழுந்தது.

"கல்லுடி நீ," என்றாள் நாத்தனார். "என் தம்பி போய்ச் சேந்தான், இவ கணக்கா பெல்ட்டை மாட்டிட்டு இறங்குறா."

"இறங்காம என்ன பண்ணச் சொல்றீங்க, அக்கா?"

"அழு."

"வரல."

"வரலைன்னா உக்காந்து வரவை."

ஒரு விஷயம் மட்டும் உள்ளே முள்ளாகக் கிடந்தது. டாக்டரைத் தவிர அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று டாக்டர் அவருக்கு முன்பே சொல்லியிருந்தார். அப்படியும் மனுஷன் தினமும் காலையில் இரண்டு அவித்த முட்டையைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போவார். "முங்கி எழுந்தா பசிக்குதுடி" என்பார். திட்டிக்கொண்டே அவித்துக் கொடுத்தவள் இவள். நான்கு வருஷம், தினம் இரண்டு. தானே அவித்து அவித்துக் கொன்றுவிட்டதாக அவள் முடிவுகட்டியிருந்தாள். முட்டையால் மட்டும் இப்படி ஆகாது என்று டாக்டரே சொன்னார், அவள் ஏற்கவில்லை. ஒன்றைப் பிடித்தால் விடுகிறவள் இல்லை அவள்.

நாற்பத்தோராம் நாள் ஒரு பல் டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சாது, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். கரையிலிருந்து இறங்குவதில் ஒரு முறை இருக்கிறது. பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும், பிறகு கடல் கொஞ்சம் மூச்சு விடும். அந்த இடைவெளியில் காலில் ரப்பர்த் துடுப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து, இடுப்பளவு தண்ணீர் வந்ததும் சட்டென்று திரும்பிப் படுத்துவிட வேண்டும். முன்பக்கமாக நடந்தால் துடுப்பு மடங்கி மூக்கில்தான் விழ வேண்டும். பல் டாக்டர் விழவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார்.

அன்றைக்குக் கடல் கண்ணாடி போலத் தெளிவு. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து நொறுக்கும் சத்தம், வறுத்த கடலையை மெல்வது போல நாலா பக்கமும் கேட்டது. மணலில் ஒரு திருக்கை தன் ஓரங்களை உதறி மண்ணைப் போர்த்திக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தது. ஒரு கணவாய் இவர்களைக் கண்டதும் பழுப்பாகி, வெள்ளையாகி, உடம்பெல்லாம் வரிவரியாக ஓடவிட்டு, கடைசியில் எதுவுமே வேண்டாம் என்று தீர்மானித்த மாதிரி மணல் நிறத்துக்குப் போனது. கடல் சாமந்திக்குள்ளிருந்து விரல் நீளக் கோமாளி மீன் ஒன்று வெளியே வந்து பல் டாக்டரின் மாஸ்க்கை முட்டிச் சண்டைக்கு இழுத்தது. ஆமையும் இருந்தது. ஒவ்வொன்றையும் அவள் சைகையால் காட்டினாள். பல் டாக்டரின் கண்கள் மாஸ்க்குக்குள் சாஸர் போல விரிந்தன. அவள் அந்தக் கண்களைப் பார்த்து, இந்த இடத்தில் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைவுபடுத்திக்கொண்டாள்.

மேசை போல விரிந்த ஒரு பவளத்தின் பக்கம் வந்தபோது காற்று எவ்வளவு மிச்சம் என்று கேட்டாள். உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினால் அந்தக் கேள்வி. நிறைய இருந்தால் விரித்த கை. பாதியென்றால் மூடிய கை. பல் டாக்டர் மீட்டரைப் பார்த்தார், அக்குளிலிருந்து வலது கையை எடுத்தார், விரல்களை மூடி நீட்டிக் காட்டினார்.

மேசைப் பவளத்தின் அடியிலிருந்து அஞ்சாலை வந்தது, பாம்பு போல நீண்ட கடல் விலாங்கு. தொடைப் பருமன், ஆள் உயரம், உடம்பெல்லாம் புள்ளி. அஞ்சாலை பகலில் பொந்தைவிட்டு வராது. தலையை நீட்டி, வாயைத் திறந்து மூடி மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். இது முழுசாக வந்தது. பதினைந்து அடி தூரத்தை நாடா அவிழ்வது போல நீந்தி வந்தது. கோபம் இல்லை அதில், அவசரம்கூட இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர் கதவைத் தள்ளுவது போல, பல் டாக்டரின் மூடிய கையில் மூக்கை வைத்துத் தள்ளியது. விரல்கள் திறக்கவில்லை என்றதும் கடித்தது.

கடிபட்டவர் கையை இழுக்கத்தான் பார்ப்பார். அஞ்சாலையின் பல் உள்நோக்கி வளைந்தது. இழுத்தால் சதை அதனோடு போய்விடும். அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டை இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவும் விடவில்லை, உதறவும் விடவில்லை. ஆழத்தில் இரத்தம் சிவப்பாகத் தெரியாது. பச்சையும் கறுப்புமாகப் புகைந்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று எண்ணும்போது, வந்த இடம் தப்பு என்று புரிந்த மாதிரி அது வாயைத் திறந்து, பின்வாங்கி, தன் பவளத்தடிக்குப் போய்விட்டது.

சுட்டுவிரலில் ஒன்பது தையல். பல் டாக்டர் நல்ல மனுஷன். கட்டுப் போட்ட கையோடு மறுநாள் விட்டுப்போன கைக்கடிகாரத்தை எடுக்க வந்தபோது, "முப்பது வருஷம் ஊரார் வாய்க்குள்ள கை விட்டேன், ஒருத்தர் கடிக்கல. இவர் ஒரே நாள்ல பாக்கியைத் தீர்த்துட்டார்," என்றார். "தொண்டைக்குள்ள இன்னொரு ஜோடித் தாடை இருக்கு தெரியுமா அதுக்கு? பல் கட்டுறதுன்னா இரண்டு மடங்கு வேலை."

முதலாளி சிரிக்கவில்லை. சின்ன வயசுக்காரர், கடன் வாங்கிக் கடையை எடுத்து நடத்துகிறவர். "நீங்க கையை நீட்டினீங்களா, டாக்டர்?"

"கட்டித்தான் வச்சிருந்தேன். அக்கா காத்து கேட்டாங்க, காட்டினேன். அதுவா வந்துச்சு."

"அப்படின்னா அது ஆளைத் தேடி வர்ற அஞ்சாலை." முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, மூணு வாரத்துல முப்பது பேர் வர்றாங்க. ஈட்டிக்காரரைக் கூப்பிட்டிருக்கேன். குத்தி எடுத்துடலாம்."

அவள் வீட்டுக்குப் போனாள். கொடியில் அவருடைய ரப்பர் உடுப்பு தொங்கியது. அதில் தொடைப்பக்கம் ஒரு பை உண்டு, அவள் தைத்துக் கொடுத்தது. கயிறு, சின்னக் கத்தி வைத்துக்கொள்வதற்கு. அதை உள்வெளியாகப் புரட்டினாள். தையல்காரி கை, தையலோரத்துக்குத்தான் முதலில் போகும். ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து, மணல் மாதிரி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். முட்டைக் கரு.

ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. ஆட்கள் வரும் முன் அவர் மட்டும் காலையில் போவார், மிதவைக் கயிற்றைப் பார்க்கிறேன் என்று. தனியாக முங்கக்கூடாது என்பாள் இவள்; பத்து நிமிஷம்தானே என்பார். முட்டையை ஓடு உரித்துத்தான் டப்பாவில் வைக்கச் சொல்வார். நான்கு வருஷம். மூடிய கைக்குள் முட்டை.

அப்படியானால் அவர் அதைச் சாப்பிடவே இல்லை. அவள் கொல்லவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்க வேண்டிய இடம் அது. இறங்கியது, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஊருக்கெல்லாம் கையைக் கட்டச் சொன்னவர். பொய்யை அவள் கையாலேயே அவித்து வாங்கிக்கொண்டு போனவர். கோபம் வருகிறதா என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. மஞ்சள் துகளைத் தட்டிவிட்டு, பையைப் பழையபடி உள்ளே தள்ளினாள்.

ஆனால் ஒன்று தெரிந்தது. அந்த அஞ்சாலை தானாகக் கெட்டதில்லை, கெடுக்கப்பட்டது. அதைச் சொன்னால் அது பிழைக்க வழியுண்டு. சொன்னால் அவர் பெயர் போய்விடும். செத்தவருக்கு மிச்சமிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

மறுநாள் காலை கூடத்தில் முதலாளி, நாத்தனார் இரண்டு பேரும் இருக்கும்போதே சொன்னாள். "அதைக் குத்த வேணாம். அது ஆளைத் தேடி வரல, முட்டையைத் தேடி வந்துச்சு. அவர் போட்டிருக்கார்."

நாத்தனார் கையிலிருந்த சாவியைக் கீழே போட்டாள். "யாரு? யார் போட்டது?"

"உங்க தம்பி. தினம் ரெண்டு முட்டை."

"நாக்கு அழுகிடும்டி உனக்கு! செத்தவன் வந்து இல்லைன்னு சொல்ல மாட்டான்னு தைரியமா?"

"பையில கரு ஒட்டியிருக்கு."

"பசிக்குத் தின்னிருப்பான்!"

"கடலுக்கு அடியில, வாயில குழாயை வச்சுக்கிட்டா?"

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிக்கா, அவரே போட்டதா இருக்கட்டும். இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? அதுகிட்ட போய் எடுத்துச் சொல்வீங்களா?"

"சொல்லுவேன். மூடின கையைக் காட்டணும், உள்ள ஒண்ணும் இல்லைன்னு அது தெரிஞ்சுக்கணும். தினம் காட்டணும். பழக்கின மாதிரியே பழக்கத்தை விட வைக்கணும். அந்த மூணு வாரத்தை எனக்குக் குடுங்க. கடைசி நாளும் கைக்கு வந்துச்சுன்னா உங்க ஈட்டிக்காரர் வரட்டும்."

"தனியாப் போகக்கூடாதே. ஜோடிக்கு யாரு?"

"நான் வர்றேன்," என்றாள் நாத்தனார். "இவ சொல்றது பொய்னு என் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்."

"உங்க காது?" என்று கேட்டாள் ஆமையக்கா.

"என் காதைப் பத்தி எனக்குத் தெரியும். வாயை மூடு."

மீன் வெட்டுகிறவர் போடும் கம்பி வலைக் கையுறையை இரவல் வாங்கினார்கள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் தண்ணீரில் இறங்கிய நாத்தனார், அலைக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாக நடந்து, ஒரு தடுமாற்றம் இல்லாமல் படுத்துவிட்டாள். காதுக்காக அடிக்கு அடி நின்று, மூக்கைப் பிடித்து ஊதிச் சமாளித்து, மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. மேசைப் பவளம் கிடந்தது அப்படியொன்றும் ஆழத்தில் இல்லை. நான்கு ஆள் ஆழம்தான்.

மேசைப் பவளத்துக்கு எதிரே மணலில் இரண்டு பேரும் மண்டியிட்டார்கள். அவள் உறை போட்ட கையை மூடி நீட்டினாள். அஞ்சாலை வந்தது. நேராக வந்து கையை முட்டியது, கடித்துப் பார்த்தது, கம்பியில் பல் வழுக்கியது. விட்டுவிட்டு அவள் தொடைப்பக்கம் போய், பை இருக்க வேண்டிய இடத்தில் மூக்கால் தடவியது. அவள் உடுப்பில் பை இல்லை. மறுபடி கைக்கு வந்தது. கடைசியாக அவள் கழுத்தைச் சுற்றி ஒருமுறை மெதுவாக உரசிக்கொண்டு போனது. அவரோடு அப்படித்தான் பழகியிருக்க வேண்டும். தோலில் அதன் வழவழப்பு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தாள். நாத்தனாரின் மாஸ்க்குக்குள் பாதி தண்ணீர் நிரம்பியிருந்தது. மாஸ்க் ஒழுகியதா வேறெதுவுமா என்று கரையேறிய பிறகு அவள் கேட்கவில்லை. நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் துடுப்பைக் கழற்றாமலே இருந்தாள்.

"எங்கிட்டகூட சொல்லலையே அவன்," என்றாள் கடைசியில்.

விஷயம் கடைக்குக் கடை பரவியது. பக்கத்துக் கடையில் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள்: "ஊருக்கு அக்குளுக்குள்ள கை, வாத்தியாருக்கு டப்பாவுக்குள்ள கை." யாரோ ஒருவன் அவளைப் பார்த்து, "அக்கா, முட்டை இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு, உன் அம்மாகிட்ட கேட்டு வாங்கிட்டு வா" என்று போய்க்கொண்டே இருந்தாள். பதில் தானாகத்தான் வந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை.

தினமும் போனார்கள். மூன்றாம் நாள் அஞ்சாலை கோபமாகக் கடித்தது. ஐந்தாம் நாள் முழங்கையை. எட்டாம் நாள் கையை முட்டிவிட்டு, கடிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. பதினோராம் நாள் பாதி தூரம் வந்து நின்று, தலையை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் வந்தது. அவள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, எல்லாம் மனக்கணக்கு. நடுவில் ஆமை வந்தது, ஒருநாள் வால் நீண்ட பெரிய திருக்கை தலைக்கு மேலே பாய் விரித்த மாதிரி போனது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினான்காம் நாள் அது வரவில்லை. பொந்திலேயே வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. சைகையால், "சரி, மேலே போகலாம்" என்று சொல்லத் திரும்பினாள். நாத்தனார் முன்னால் நீந்திக்கொண்டிருந்தாள். கையில் வெள்ளையாக ஒன்று. அவள் துடுப்பைப் பிடித்து இழுப்பதற்குள், அஞ்சாலை வந்து, முட்டையை அவள் விரல்களிலிருந்து நோகாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கரையேறியதும் சண்டை. அலைச் சத்தத்துக்கும் மேலே.

"என்னக்கா பண்ணிட்டீங்க! பதினாலு நாள்!"

"இளைச்சுப் போச்சுடி அது. எலும்பா இருக்கு."

"அதுக்கு மீன் பிடிக்கத் தெரியும்! இன்னும் ஏழு நாள்தான் இருக்கு, ஈட்டியோட வந்துடுவாங்க. நீங்களே குத்தின மாதிரி."

"என் தம்பி வளத்தது. பட்டினியாப் பாத்துட்டு வர முடியல என்னால. உனக்கு முடியும். புருஷன் போனப்பவே கண்ணு நனையல, பாம்பு மாதிரி ஒண்ணுக்கா நனையப்போகுது?"

அவள் சிலிண்டரை இறக்கி வைத்தாள். "இல்ல, நனையாது," என்றாள். "அதனாலதான் என்னால காட்ட முடியுது, வெறும் கையை. நாளையிலிருந்து நீங்க இடுப்பு பெல்ட்டை அவுத்து எங்கிட்ட காட்டிட்டுத்தான் இறங்கணும்."

நாத்தனார் மறுநாள் காலை தானாகவே வந்து, கைகளை அகல விரித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றாள், சோதனை போட்டுக்கொள் என்பது போல. அவள் சட்டைக் கையை, காலுறையைக்கூட விடாமல் பார்த்தாள்.

பதினைந்தாம் நாள் அஞ்சாலை முதல் நாள் வந்தது போலவே வந்தது. எல்லாம் ஆரம்பத்துக்கே போய்விட்டது. அவள் ஒரு நாளைக்கு இரண்டு முறை போக ஆரம்பித்தாள், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நாத்தனாரின் காதில் சீழ் வைத்தது; பஞ்சை அடைத்துக்கொண்டு கரையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாலும், "நான் வரமாட்டேன்" என்ற பேச்சு அவள் வாயில் வரவில்லை. டாக்டர் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகு, இரண்டு முறைக்கும் முதலாளியே ஜோடியாக வந்தார். வந்தவர், அவள் கழுத்தை உரசும் அந்த உடம்பைப் பார்த்துவிட்டு, கரையேறி, வேறு எதையோ பற்றிப் பேசினார்.

கடைசி நாள். முதலாளி ஒரு பக்கம், ஈட்டிக்காரர் பின்னால் ஈட்டியை மணலில் ஊன்றிக்கொண்டு. நாத்தனார் ஆழத்துக்கு இறங்க முடியாமல், நேர் மேலே நீர்மட்டத்தில் மிதந்தபடி மாஸ்க் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி உறை வேண்டாம் என்று அவள் கழற்றிக் கொடுத்துவிட்டாள். வருகிறவர்கள் யாரும் உறை போட்டுக்கொண்டு வரப்போவதில்லை. வெறும் கையை மூடி நீட்டினாள்.

அஞ்சாலையின் தலை வெளியே வந்தது. பிறகு கழுத்து. பிறகு பாதி உடம்பு. ஈட்டிக்காரர் ஈட்டியை மணலிலிருந்து எடுத்தார். அவள் கையை அசைக்கவில்லை. அதன் சின்னக் கண் அவள் கையைப் பார்த்தது, இல்லை அவளைப் பார்த்தது, இல்லை ஒன்றையுமே பார்க்கவில்லை; அதன் கண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வாயைத் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. ஒரு சின்ன இறால் அதன் தாடைமேல் ஏறி எதையோ பொறுக்கத் தொடங்கியது. அஞ்சாலை பின்பக்கமாகவே, அவசரமில்லாமல், தன் பொந்துக்குள் போனது. தலை மட்டும் வெளியே கிடந்தது, எந்த அஞ்சாலையும் கிடப்பது போல.

முதலாளி ஈட்டிக்காரரைப் பார்த்துக் கையை விரித்தார். முடிந்தது, போகலாம் என்று கட்டைவிரலை மேலே காட்டினார். அவள் கையை இறக்கவில்லை. முதலாளி அவள் முன்னால் வந்து மறுபடி காட்டினார். அவள் அவருடைய தோளுக்கு மேலாகப் பவளத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. கடைசியில் முதலாளி அவள் சிலிண்டரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

இடுப்பளவு தண்ணீரில் நாத்தனார் அவளைப் பிடித்துக்கொண்டாள். "பொழச்சுதா? வரலதானே? நான் பாத்தேன், வரல." அழுகையும் சிரிப்புமாக அவள் கன்னத்தைத் தடவினாள். பிறகு கீழே பார்த்தாள். "கையைத் தொற, ஏம்மா. எவ்வளவு நேரம் இப்படியே வச்சிருக்க?"

விரல்கள் மூடியபடியே இறுகிவிட்டிருந்தன. நாத்தனார் அந்தக் கையைத் தன் வயிற்றோடு அணைத்து, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக நீவிப் பிரித்தாள். உள்ளங்கையில் நகம் பதிந்து நான்கு பிறை.

"வலிக்குதா?"

அவள் தன் கையை, யாருடையதோ என்பது போல, உற்றுப் பார்த்தாள். "இல்லக்கா. வலிக்கும்னுதான் பாத்துட்டு இருக்கேன்."

"வரும்," என்றாள் நாத்தனார், அந்த விரல்களை நீவிக்கொண்டே. "அலை வருது, திரும்பு."